விட்டவர்களும் கொடுத்தவர்களும்

2013 மார்ச் 24. மலேசியாவின் செப்பாங் மைதானம், ஃபார்முலா ஒன் கார் பந்தயம். முதல் வளைவுக்கு எதிரே இருந்த ஸ்டாண்டில் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

அப்போது சிங்கப்பூரில் வேலை. நண்பர்கள் மூன்று பேரோடு சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தேன். பந்தயம் தொடங்கும் முன் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு விடாத அந்தச் செப்பாங் புழுக்கத்தில், ரோட்டில் ஈரம் காயக் காய கார்கள் ஒவ்வொன்றாக மழை டயரைக் கழற்றிவிட்டுச் சாதா டயருக்கு மாறின. நடுவில் ஏதேதோ நடந்து, கடைசியில் ரெட்புல்லின் இரண்டு கார்கள் முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. முதலில் மார்க் வெப்பர். பின்னால் செபாஸ்டியன் வெட்டல். 56 சுற்றில் 46-வது சுற்று வந்தபோது மெயின் நேர்ப்பாதையில் வெட்டல் உள்பக்கமாக நுழைந்தார். பிட் (கார்கள் நின்று டயர் மாற்றும் இடம்) சுவருக்கும் வெப்பரின் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தால் ஒரு ஸ்கூட்டர் ஓட்டக்கூட யோசிப்போம். இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் முதல் வளைவுக்குள் வந்தன, இரண்டாவது வளைவிலும் பக்கத்துப் பக்கத்தில், அதன் பிறகு நான்காவது வளைவில்தான் வெட்டல் முன்னால் போனார். எங்கள் ஸ்டாண்டு முழுக்க எழுந்து நின்றது. ஒரே டீம், ஒரே நிறக் கார், இப்படி ஒரு சண்டை. காசு கொடுத்து வந்ததற்கு இதுதான் வேண்டும் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஃபோனைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு பேருக்கும் ஏற்கெனவே உத்தரவு போயிருந்தது. 'மல்ட்டி 21'. இரண்டாம் நம்பர் கார் முன்னால், ஒன்றாம் நம்பர் கார் பின்னால், அப்படியே முடிக்க வேண்டும். வெப்பர் கார் நம்பர் 2, வெட்டல் கார் நம்பர் 1. கடைசி பிட் நிறுத்தம் முடிந்துவிட்டது, இனி நமக்குள் போட்டி இல்லை என்று நம்பி வெப்பர் இன்ஜினின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். நாங்கள் கைதட்டிப் பார்த்த சண்டையில் ஒருவர் ஆயுதத்தை ஏற்கெனவே கீழே வைத்துவிட்டிருந்தார். போடியம் என்கிற வெற்றி மேடைக்குப் போகும் முன் உட்காரும் அறையில் வெப்பர், "மல்ட்டி 21, செப், மல்ட்டி 21" என்று சொன்னது கேமராவில் பதிவாகி, அன்றிரவே உலகம் முழுக்கச் சுற்றியது.

அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யார் முன்னால் வர வேண்டும் என்று டீமே டிரைவருக்கு உத்தரவு போடும் இந்த டீம் ஆர்டர் என்றாலே அசிங்கம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. ஃபார்முலா ஒன்னில் ஒரு டீமுக்கு இரண்டு கார். வருடத்துக்கு இரண்டு பட்டம்: ஒன்று டிரைவருக்கு, இன்னொன்று டீமுக்கு. டீமுக்கு வரும் பணம் டீம் பட்டியலில் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. இரண்டு கார்களும் முதலும் இரண்டுமாக வந்தால், யார் முன்னால் வந்தாலும் டீமுக்குக் கூட்டுத்தொகை ஒன்றுதான். இடித்துக்கொண்டால் சைபர். ஆயிரம் பேர் உழைத்துச் செய்த காரை இரண்டு பேரின் ரோஷத்துக்காகச் சுவரில் மோத விட எந்த முதலாளிதான் சம்மதிப்பார்?

ஆனால் டிரைவரின் கணக்கு வேறு. நல்ல கார் கிடைத்தவன் ஜெயிக்கிறான், மோசமான கார் கிடைத்தவன் தோற்கிறான். அப்படியிருக்க யார் நல்ல டிரைவர் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதே கார், அதே டயர், அதே நாள், பக்கத்து ஷெட்டில் இருப்பவன். அவன் ஒருவன்தான் அளவுகோல். அவனிடம் தோற்றால் சொல்லச் சாக்கே கிடையாது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை வைத்தே இது எனக்குப் புரிந்தது. கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் டீமில் ஓட்டினார். அந்த வருடம் ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று அந்த டயர் போட்ட டீம்கள் அத்தனையும் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஆறே ஆறு கார்கள் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. நம் நேரப்படி நடுராத்திரி. நானும் அண்ணனும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபெராரியைப் பிடிக்க முடியாது, மினார்டி பின்னால் கிடந்தது. அன்றைக்கு நாராயணுக்கு ரோட்டில் இருந்த ஒரே போட்டி அவருடைய சக டிரைவர் டியாகோ மான்டெய்ரோதான். மான்டெய்ரோ மூன்றாவது வந்து போடியம் ஏறினார். நாராயண் நான்காவது, ஐந்து பாயிண்ட். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் வாங்கிய முதல் பாயிண்ட் அது. சந்தோஷப்பட்டோம், பொய்யில்லை. ஆனாலும் அண்ணன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: "அந்த ஒருத்தனைத் தாண்டியிருந்தா போதும்டா."

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஃபெராரி டிரைவர் மைக்கேல் ஷூமாக்கர் என்றால் உயிர். ஒப்பணக்கார வீதி பிளாட்ஃபாரத்தில் வாங்கிய சிவப்புத் தொப்பி ஒன்று வைத்திருந்தார். குதிரைச் சின்னம் கொஞ்சம் கோணலாகத்தான் தைத்திருக்கும். பந்தய ஞாயிறுகளில் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

2002 மே 12 அப்படி ஒரு ஞாயிறு. ஆஸ்திரியா பந்தயம், நமக்குச் சாயங்காலம். அந்த வருடத்தின் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கை ஷூமாக்கர் ஜெயித்திருந்தார். அன்று மட்டும் அதே ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிசெல்லோ முதலிடத்திலிருந்து கிளம்பி, கடைசி வரைக்கும் முன்னாலேயே ஓடினார். எனக்கு பாரிசெல்லோவைப் பிடிக்கும். அதனால் அண்ணனைச் சீண்டிக்கொண்டே இருந்தேன். கடைசிச் சுற்று, கடைசி வளைவு, கோடு கண்ணெதிரே தெரிகிறது. பாரிசெல்லோவின் கார் மெதுவாகிறது. ஷூமாக்கர் பக்கத்தில் போகிறார். வித்தியாசம் 0.182 நொடி.

பல சுற்றுகளாக ரேடியோவில் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கேட்பதற்கு என்ன, உத்தரவுதான். அவர் தரமாட்டேன் என்று இழுத்துப்பிடித்து, வேறு வழியில்லை என்றானதும், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் விட்டார். நாலு சுற்றுக்கு முன்னாலேயே எங்காவது ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய், தவறு செய்த மாதிரி காட்டி, யாருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதற்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

போடியத்தின் கீழிருந்து கூட்டம் ஊளையிட்டது. ஜெர்மன் கீதம் ஒலிக்கும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஷூமாக்கர் பாரிசெல்லோவைப் பிடித்து முதல் படியில் ஏற்றினார், கோப்பையையும் அவர் கையில் கொடுத்தார். (அதற்காகத்தான் பிறகு பத்து லட்சம் டாலர் அபராதம் வந்தது. போடியத்தில் இடம் மாறி நின்றதற்கு அபராதம், பந்தயத்தில் இடம் மாற்றியதற்கு அப்போது விதியே கிடையாது.) டிவியில் ஷூமாக்கரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சீண்டுவதற்கு என்னிடமும் ஒன்றும் இல்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்னடா, ரெண்டு பேரும் சத்தத்தையே காணோம்" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அந்த வருடம் மொத்தம் 17 பந்தயம். ஜூலையில் 11-வது பந்தயத்திலேயே ஷூமாக்கர் பட்டத்தை முடித்துவிட்டார். பாரிசெல்லோவிடம் வாங்கிய நான்கு பாயிண்ட்டால் எதுவும் மாறியிருக்காது.

நம்மிடம் 'விட்டுக்கொடுப்பது' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. தினமும் பத்துத் தடவை சொல்கிறோம். அதற்குள் இரண்டு வேலை இருப்பதை ஆஸ்திரியாவுக்குப் பிறகுதான் கவனித்தேன். விடுவது ஒன்று, கொடுப்பது இன்னொன்று. பாரிசெல்லோ அன்று விட்டார். கொடுக்கவில்லை. இந்த விளையாட்டில் நான் படித்த, பார்த்த டீம் ஆர்டர் கதைகள் எல்லாவற்றையும் அன்றிலிருந்து இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1956, இத்தாலியின் மான்சா, வருடத்தின் கடைசிப் பந்தயம். ஃபெராரியின் ஹுவான் மானுவேல் ஃபாங்கியோவின் காரில் ஸ்டியரிங் பழுது. அந்தக் காலத்தில் ஒருவர் காரை இன்னொருவர் வாங்கி ஓட்டலாம், பாயிண்ட்டைப் பிரித்துக்கொள்வார்கள். முதலில் லூயிஜி மூசோ பிட்டுக்கு வந்தார். இறங்கச் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை, டயரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மூசோ இத்தாலிக்காரர், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஓடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்து பீட்டர் காலின்ஸ் வந்தார். 24 வயது ஆங்கிலேயர். அந்தப் பந்தயத்தை ஜெயித்து, மற்றவையும் தோதாக அமைந்தால் அவரே உலக சாம்பியன் ஆகியிருக்கலாம். அப்போது வரை எந்த ஆங்கிலேயரும் சாம்பியன் ஆனதில்லை. பிட்டில் நின்றுகொண்டிருந்த ஃபாங்கியோவைப் பார்த்ததும் காரைவிட்டு இறங்கினார். ஃபாங்கியோ ஏறி ஓட்டி இரண்டாவதாக முடித்து, 30 பாயிண்ட்டோடு சாம்பியன் ஆனார். பட்டத்துக்குப் போட்டியிட்ட ஸ்டிர்லிங் மாஸுக்கு 27.

எனக்கு வயசு இருக்கிறது, இன்னும் காலம் இருக்கிறது என்ற தோரணையில் காலின்ஸ் பேசியதாகத்தான் எல்லா நூல்களிலும் வருகிறது. காலம் இருக்கவில்லை. 1958 ஜூலையில் பிரான்ஸின் ரேம்ஸில் மூசோ இறந்தார். ஒரு மாதத்துக்குள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் காலின்ஸ் இறந்தார். கொடுத்தவரும் மறுத்தவரும் நாலு வாரத்துக்குள் போய்விட்டார்கள்.

அடுத்ததுதான் எனக்கு மனசில் ரொம்ப ஆழமாக உட்கார்ந்த கதை. கில் வில்னவ்.

கனடாக்காரர், சின்ன உருவம், ரோட்டில் எதற்கும் பயப்படாதவர். 1979-ல் ஃபெராரியில் அவரும் ஜோடி ஷெக்டரும். செப்டம்பரில் மான்சா பந்தயம். ஷெக்டர் ஜெயித்தால் அன்றே சாம்பியன். வில்னவ் தாண்டிப் போனால் பட்டத்துக்கான வாய்ப்பு அவருக்கும் உயிரோடு இருக்கும். இரண்டு கார்களும் அரை நொடி இடைவெளியில் ஓடின. வில்னவ் கடைசிவரை பின்னாலேயே வந்தார். ஷெக்டர் சாம்பியன். வருடக் கடைசியில் ஷெக்டருக்கு 51, வில்னவுக்கு 47. பேச்சு பேச்சாக இருந்தது, அதைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். அடுத்து என் முறை வரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். கொடுக்கிறவனுக்கு அந்த நம்பிக்கைதான் எல்லாம்.

1982-ல் பக்கத்து ஷெட்டில் பிரெஞ்சுக்காரர் டிடியே பிரோனி. ஏப்ரல் 25, இமோலா. நிர்வாகச் சண்டையில் பல டீம்கள் பந்தயத்தையே புறக்கணித்துவிட, 14 கார்கள்தான் கிளம்பின. ரெனோ கார்கள் இரண்டும் வழியில் நின்றுபோயின. வில்னவ் முன்னால், பிரோனி பின்னால். பிட்டிலிருந்து ஃபெராரிக்காரர்கள் ஒரு பலகையைக் காட்டினார்கள். அதில் ஒரே வார்த்தை: 'மெதுவாக'.

அந்தப் பலகையை நான் மனசுக்குள் எத்தனை தடவை படித்திருப்பேனோ தெரியாது. அப்போது இன்று போல ரேடியோ வசதி இல்லை. மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு, கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு பலகை. எரிபொருள் தீர்ந்துவிடும், மெதுவாகப் போங்கள் என்பதுதான் நேர் அர்த்தம். இப்படியே இருங்கள், இடம் மாறாதீர்கள் என்று வில்னவ் படித்தார். மெதுவாகப் போ என்றுதானே சொன்னார்கள், முந்தாதே என்று யார் சொன்னது என்று பிரோனி படித்தார். மூன்று வருடத்துக்கு முன் மான்சாவில் பேச்சைக் காப்பாற்றியவர், அதே டீமில் அதே பேச்சு இப்போதும் செல்லும் என்று எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? பிரோனி முந்தினார். வில்னவ் திரும்ப முந்தி, வேகத்தைக் குறைத்தார். விளையாட்டுக்குச் செய்கிறான், கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்திருக்கிறார். கடைசிச் சுற்றில் டோசா வளைவுக்குள் பிரோனி மறுபடி உள்ளே நுழைந்தார். அதற்குப் பிறகு வில்னவுக்குத் திரும்பப் பிடிக்க ரோடு மிச்சம் இல்லை.

போடியத்தில் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பிரோனி சிரிக்கிறார். வில்னவ் அவர் பக்கமே திரும்பவில்லை. இனி அவரோடு வாழ்க்கையில் பேசப்போவதில்லை என்று சொன்னார், பேசவும் இல்லை. 13 நாள் கழித்து, மே 8, பெல்ஜியத்தின் சோல்டர். தகுதிச் சுற்றில் பிரோனியின் நேரம் வில்னவின் நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. முடிய சில நிமிடங்களே இருந்தபோது வில்னவ் ரோட்டில் இருந்தார். முன்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த யோகன் மாஸின் காரில் பின்னாலிருந்து மோதி, கார் காற்றில் பறந்தது. அன்றிரவே இறந்தார். வயது 32.

இமோலாதான் அவரைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக எனக்கு மனசில்லை. ரேஸில் சாவுக்கு ஆயிரம் காரணம் உண்டு, அந்த நேரத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்வின் கடைசி 13 நாளைக் கோபத்தோடு கழித்தார். அந்தக் கோபத்துக்கு ஒரு தெளிவில்லாத வார்த்தை காரணம். பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இந்த நிலை வந்தால் இன்னார் முன்னால் என்று வாயால் சொல்லியிருந்தால் போதும். அதை ஃபெராரியில் யாரும் செய்யவில்லை. அந்தப் பொறுப்பைப் பிரோனி தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை.

பிரோனியும் நல்லபடியாக வாழ்ந்துவிடவில்லை. அந்த வருடம் பட்டத்தில் முன்னணியில் இருந்தபோதே ஆகஸ்டில் ஹாக்கன்ஹைமில் மழைக்குள் ரெனோ ஒன்றின் பின்னால் மோதிக் கால்கள் நொறுங்கின. திரும்ப ஃபார்முலா ஒன் ஓட்டவே இல்லை. 1987-ல் இங்கிலாந்தின் வைட் தீவுப் பக்கம் நடந்த படகுப் பந்தயத்தில் இறந்தார். அவர் போன பிறகு அவருடைய துணைவிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்றுக்கு டிடியே, இன்னொன்றுக்கு கில் என்று பெயர் வைத்தார்.

சரி, செப்பாங்குக்குத் திரும்ப வருகிறேன். அங்கே வார்த்தை தெளிவாகத்தான் இருந்தது. மல்ட்டி 21-ல் குழப்பம் எதுவும் கிடையாது. வெட்டல் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்து சீனாவில், மறுபடி அதே நிலை வந்தாலும் அநேகமாக அப்படித்தான் செய்வேன், வெப்பருக்கு அந்த வெற்றி உரியதில்லை என்ற மாதிரி பேசினார். முதலில் படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பழைய கணக்கைப் பார்த்தேன். 2011 சில்வர்ஸ்டோனில் வெட்டலை முந்தாதே என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னபோது வெப்பர் கேட்கவில்லை, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2012 கடைசிப் பந்தயத்தில் வெட்டல் பட்டத்துக்காக ஓடியபோது, கிளம்பும் இடத்தில் வெப்பர் அவரைச் சுவர்ப் பக்கம் நெருக்கினார். நீ கொடுக்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் வெட்டலின் நியாயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில்வர்ஸ்டோனில் வெப்பர் இன்ஜினை இறக்கி வைத்திருந்த ஒருவரை முந்தப் பார்க்கவில்லை. என் வரைக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வெப்பர் அந்த வருடத்தோடு ஃபார்முலா ஒன்னை விட்டார். மொத்தம் 9 வெற்றி. பத்தாவது, செப்பாங்கில் என் கண்ணெதிரே, நான் கைதட்டிக்கொண்டிருக்கும்போது போயிற்று. வெட்டல் அந்தப் பட்டத்தை 155 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆஸ்திரியா மாதிரியேதான், அவருக்கும் அந்தப் பாயிண்ட் தேவைப்படவே இல்லை.

செப்பாங்கில் அன்றே அதே பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது, ஸ்டாண்டில் இருந்த எங்களுக்கு அதுவும் தெரியாது. மூன்றாவதாக ஓடிய மெர்சிடீஸ் டிரைவர் லூயிஸ் ஹாமில்டனுக்குப் பின்னால் அதே டீமின் நிக்கோ ரோஸ்பெர்க். ஹாமில்டன் எரிபொருளைச் சேமிக்க மெதுவாகப் போகிறார், நான் வேகமாக இருக்கிறேன், விடுங்கள் என்று ரோஸ்பெர்க் கேட்டார். டீம் தலைவர் ராஸ் பிரான் கூடாது என்றார். ரோஸ்பெர்க் கேட்டுக்கொண்டு, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ரேடியோவில் சொன்னார். போடியத்தில் ஹாமில்டன் ஒளிக்காமல், இந்த இடத்தில் நிக்கோ நின்றிருக்க வேண்டும் என்றார். ஒரே சாயங்காலம், ஒரே ரோடு, இரண்டு டீம். (ரோஸ்பெர்க் 2016-ல் ஹாமில்டனை ஐந்து பாயிண்ட்டில் தோற்கடித்துச் சாம்பியன் ஆகி, ஐந்தே நாளில் ஓய்வு அறிவித்தார். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

விடுவது, கொடுப்பது, திரும்ப வாங்குவது எல்லாவற்றையும் ஒரே ஆளாக அனுபவித்தவர் பிரேசிலின் ஃபெலிப்பே மாஸா. 2007 கடைசிப் பந்தயம், சொந்த ஊரான சாவோ பாலோ. மாஸா முன்னால் ஓடினார். சக ஃபெராரி டிரைவர் கிமி ரைக்கனன் ஜெயித்தால்தான் பட்டம். பிட் நிறுத்தத்தின்போது இடம் மாறியது, ரைக்கனன் ஒரே ஒரு பாயிண்ட்டில் சாம்பியன். அடுத்த வருடம் பட்டத்துக்கு நின்றவர் மாஸா. ஷாங்காயில் ரைக்கனன் வேகத்தைக் குறைத்து இரண்டாம் இடத்தை அவருக்குக் கொடுத்தார். யாரும் ஊளையிடவில்லை. கொடுத்தவன் திரும்ப வாங்கும்போது பார்க்கிறவனுக்கே ஒரு நிம்மதி வருகிறது. அந்தப் பட்டத்தையும் மாஸா கடைசி வளைவில் ஒரு பாயிண்ட்டில் ஹாமில்டனிடம் இழந்தார். அது வேறு.

2009 ஜூலை 25, ஹங்கேரியில் முன்னால் போன ஒரு காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது. அந்தக் காரை ஓட்டியவர் பாரிசெல்லோ. மாஸா உயிர் பிழைத்தார். அச்சு அசல் ஒரு வருடம் கழித்து, 2010 ஜூலை 25, ஹாக்கன்ஹைமில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் அதே ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ. ஆஸ்திரியா கூத்துக்குப் பிறகு டீம் ஆர்டருக்குத் தடை போட்டிருந்தார்கள். அதனால் நேரடியாகச் சொல்ல முடியாது. இன்ஜினியர் ராப் ஸ்மெட்லி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். புரிந்ததா, உறுதிப்படுத்து." மாஸா விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்மெட்லியின் குரல் மறுபடி வந்தது. நல்ல பையன், அப்படியே இரு என்று சொல்லி, கடைசியில் "ஸாரி" என்றார்.

அந்த ஸாரியை யாரும் சொல்லச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்த ஓர் ஆளிடம், அதே தேதியில், அவருக்கு மிக நெருக்கமான இன்ஜினியரே அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அலோன்சோ பட்டத்தை நான்கு பாயிண்ட்டில் இழந்தார். மாஸா 2017 வரை ஓட்டினார், வேறு ஒரு பந்தயத்தைக்கூட ஜெயிக்கவில்லை. கணக்கு 11-லேயே நின்றது. பாரிசெல்லோவின் கணக்கும் 11-தான்.

தடையால் எந்தப் பலனும் இல்லை என்று 2011-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். தடை இருந்தபோதும் உத்தரவு போய்க்கொண்டுதான் இருந்தது, மறைத்துச் சொன்னார்கள். இமோலா பலகைக்குப் பிறகாவது இந்த விளையாட்டு மறைத்துச் சொல்வதை நிறுத்தியிருக்க வேண்டும்.

போன வருடம் மறுபடி மான்சா. 2025 செப்டம்பர் 7. மெக்லாரனில் லாண்டோ நாரிஸ் இரண்டாவது, ஆஸ்கர் பியாஸ்ட்ரி மூன்றாவது. பட்டத்தில் பியாஸ்ட்ரி 34 பாயிண்ட் முன்னால். வழக்கமாக முன்னால் ஓடுகிறவர்தான் முதலில் பிட்டுக்கு வருவார். அன்று பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தார்கள், அதனால் நாரிஸின் இடம் போகாது என்ற உறுதியோடு. பிறகு நாரிஸ் வந்தபோது ஒரு சக்கரம் சரியாக மாட்டவில்லை, 5.9 நொடி ஆயிற்று, பியாஸ்ட்ரி முன்னால் வந்துவிட்டார். திருப்பிக் கொடு என்றார்கள். மெதுவான பிட் ஸ்டாப்பும் பந்தயத்தில் ஒரு பகுதி என்றுதானே பேசி வைத்தோம், இப்போது என்ன மாறியது என்று புரியவில்லை, ஆனாலும் நீங்கள் செய்யச் சொன்னால் செய்கிறேன் என்றார் பியாஸ்ட்ரி. செய்தார்.

டிசம்பரில் அபுதாபியில் பட்டம் முடிந்த ராத்திரி அண்ணன் ஃபோன் செய்தார். நாரிஸ் 423, ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. இப்போது அண்ணன் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். வேலைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்.

"மான்சாவுல திருப்பிக் குடுக்காம இருந்திருந்தா நாரிஸுக்கு மூணு பாயிண்ட் கொறையும். நானூத்தி இருவது. வெர்ஸ்டாப்பன் ஒரு பாயிண்ட்டுல சாம்பியன்டா."

மற்றப் பந்தயங்களும் வேற மாதிரி போயிருக்கும் அண்ணா, அப்படிச் சொல்ல முடியாது என்றேன். அது அவருக்கும் தெரியும்.

"அது கெடக்கட்டும். அந்தப் பையன் ரேடியோவுல என்னமோ சொன்னானாமே, இருந்தா அனுப்பு."

அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். பட்டறையில் எங்கோ ஒரு மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது.

"ரெண்டு தடவை கேட்டேன்டா. மொதல்ல நாயத்தைக் கேக்கறான். அப்புறம் ஒரு நிமிசம் நிறுத்திட்டு, சொன்னா செய்யறேங்கறான் பாரு" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம பாரிசெல்லோவுக்கு அந்த மொதப் பாதியக் கேக்கறதுக்கு யாருமே இல்லியேடா."

'நம்ம பாரிசெல்லோ' என்று அண்ணன் சொல்லி அன்றுதான் கேட்டேன்.